இந்த நோக்கத்திற்கு மட்டும்

செந்தூல் பாசாருக்கு எதிர்வரிசையில்
பக்கம் இருபது காசுக்கு
நகலெடுத்துத் தருகிறேன், பதினோரு வருடமாக.
ஐசியைக் கண்ணாடியில் கவிழ்த்து
முன்பக்கம் பின்பக்கம் எடுத்தால்
சூடாக வெளியே வரும் தாளை
யாரும் அப்படியே வாங்கிப் போவதில்லை.
பேனா கேட்பார்கள்.
கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.
கட்டியும் போன மாதம் நான்கு காணோம்.

முகத்தின் மேல் குறுக்காக
இரண்டு கோடு இழுப்பார்கள்.
கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள்:
மின்சாரக் கணக்குக்கு மட்டும்.
மகனின் உதவிப் பணத்துக்கு மட்டும்.
ரோகாயா அக்கா மலாயில்,
மீன்கடை ஆ கியோங் சீனத்தில்.
தன் முகத்தைத் தானே அடிக்கும்போது
எல்லாருக்கும் கை ஒரே சாய்வில்தான் போகிறது.
எந்தச் சட்டத்திலும் இல்லை இது.
எந்த மந்திரியும் சொல்லித் தரவில்லை.

மரகதவல்லி மட்டும் மூன்று கோடு போடுவாள்.
அவள் பெயரில் யாரோ
ஜோகூரில் ஒரு லோரி வாங்கியிருந்தான்.
"நகல் உங்களுடையதுதானே?" என்று மட்டும்
நீதிமன்றத்தில் கேட்டார்களாம்.

ஜூலையில்
விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு,
வட்டிக்காரன் ஒட்டிய தாளுக்குக் கீழே.
பிளாட்டுக்குப் பின்னாலிருக்கும் திடலில்
நாற்பத்திரண்டு மாடி எழும்பப் போகிறது.
ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள்.
எங்கள் கண்ணில் பட்டது பதினோராம் நாள்.
வட்டிக்காரன் தாளில் போன் நம்பராவது இருந்தது.
அழைத்தால் எடுப்பான்.

அதே வாரம்
ஏதோ ஒரு மசோதா
இரவு ஒரு மணிக்கு மேல்
மூன்றாம் வாசிப்பில் நிறைவேறியதாக வானொலி சொன்னது.
நகலுக்கு நின்றிருந்த நாயனக்காரர் சன்னாசி
தலையைத் தூக்கினார்.
"நான் ஒரு தடவை வாசித்தாலே
மூன்றாம் மாடிக்காரன் போலீசைக் கூப்பிடுகிறான்.
இவர்கள் மூன்று தடவை வாசித்தும்
ஒருத்தன் காதிலும் விழவில்லையே!"
கடையே சிரித்தது.
"அது சரி, எதைப் பற்றிய மசோதா?" என்றார்.
எனக்குத் தெரியவில்லை.
வானொலியில் அதற்குள் மழை பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இருநூற்றுப் பதினாறு ஆட்சேபக் கடிதங்கள்.
ஒவ்வொன்றோடும் ஐசி நகல் இணைக்க வேண்டுமாம், விதி.
மூன்று இரவு இயந்திரம் ஓடியது.
பாதிப்பேரிடம் காசு வாங்கவில்லை.
மீதிப்பேரிடம் வாங்கினேன், பொய் சொல்வானேன்.
திடலுக்கு மட்டும்
திடலுக்கு மட்டும்
என்று எழுதி எழுதிப் பேனாக்கள் வறண்டன.

விசாரணையில் தலைக்கு மூன்று நிமிடம்.
குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
ரோகாயா அக்கா
பையன்கள் பந்தாடும் நேரத்தைச் சொல்லி முடிப்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
அதிகாரி மரியாதையானவர்.
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.
அவர் பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை என்று
ஆ கியோங் இன்றுவரை சத்தியம் செய்கிறான்.
நான் கவனிக்கவில்லை.
கவனிக்கவில்லை என்றாலும் நம்பிவிட்டேன்,
அதுதான் எனக்கே சங்கடம்.

தைப்பூசம் முடிந்த திங்கட்கிழமை
திடலைச் சுற்றித் தகரம் ஏறியது.

நேற்று சாயங்காலம்
பேருந்து நிறுத்தத்தில் கச்சான் பூத்தே வாங்கினேன்.
கடலை தீர்ந்ததும் கூம்பைப் பிரித்தேன்.
எண்ணெய் ஊறி, கண் இருந்த இடம் கண்ணாடியாகி,
ஒரு பெண் முகம்.
மூன்று கோடு.
மீதி இருநூற்றுப் பதினைந்து முகங்களிலும்
எந்தெந்த ஊரில் என்னென்ன பயறோ.

மரகதவல்லியிடம் சொல்லவில்லை.
இன்று காலை வந்தாள்,
பிள்ளையின் சீருடைப் பணத்துக்கு நகல் வேண்டுமென்று.
எடுத்துக் கொடுத்தேன்.
பேனா கேட்டாள்.
எட்டவில்லை.

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன்.