ஆறாவது நிரல்

கொம்பனித்தெருவில், பேரை வாவிக்கு முதுகு காட்டியபடி
ஏழு மாடி எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது.
டொலர் தீர்ந்த வருடம் கைவிட்டுப் போனவர்கள்
கம்பிகளை வானத்தில் நீட்டியபடியே விட்டுவிட்டார்கள்.
மூன்று மழைக்காலம். துரு வடிந்து
தூண்களிலெல்லாம் வெற்றிலை துப்பியதுபோல் கறை.

புது முதலாளிக்குப் பழசு பிடிக்கவில்லை.
"இடித்து வெறும் நிலமாய்த் தாருங்கள்" என்றார்.
இடிக்கவும் திரும்பக் கட்டவும் எவ்வளவு என்பது
என் மேசைக்கு வந்தது.
நான் கணிய அளவையாளர். கட்டடங்களை
அவை பிறக்கும் முன்னமே எண்ணி முடிப்பவள்.

ஐந்து நிரல்கள் எப்போதும் இருக்கும்:
வேலை, அலகு, அளவு, விலை, தொகை.
அன்றிரவு பத்தரைக்கு, மின்சாரம் போய்
மடிகணினி மட்டும் ஒளிர்ந்த நேரம்
ஆறாவதாய் ஒன்று சேர்த்தேன்.
தலைப்பில் 'கரி' என்று எழுதினேன்.

சீமெந்து ஒரு மூட்டை ஐம்பது கிலோ.
அதைச் செய்ய வானுக்கு ஏறுவது
ஏறக்குறைய இன்னொரு மூட்டை.
யாரும் தோளில் சுமக்காத மூட்டை,
லொறி ஏறாதது, ரசீது இல்லாதது.
சூளை நெருப்பின் பங்கு அதில் பாதிகூட வராது.
மிச்சம் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது:
சுண்ணாம்புக்கல் ஒருகாலம் சிப்பியாய், நத்தையாய்க்
கடலுக்கடியில் கிடந்தபோது
உள்ளே இழுத்து வைத்த மூச்சு.
கோடி வருடம் அடக்கியிருந்ததை
ஒரு பின்னேரத்தில் விடவைக்கிறோம்,
ஒரு கார் தரிப்பிடத்துக்காக.

எண்கள் கீழே கீழே இறங்கின.
கூட்டுத்தொகை வந்தபோது
எழும்பிப்போய் முகம் கழுவினேன்.

அந்தக் கிழமையே றிஃப்கான் துளை இயந்திரத்தோடு வந்தார்.
தூணுக்கு ஒன்றாய்,
குழலிலிருந்து புட்டுத் தள்ளியதுபோல்
உருளை உருளையாய்க் கொங்கிரீட்.
சோக்கால் இலக்கமிட்ட சிவனு, நோர்வூட்காரன்,
ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொன்னான்:
"நல்லாத்தானே இருக்கு மிஸ், எதுக்கு ஒடைக்கணும்?"

நான் ஓர் இரவு முழுக்க எழுதியது அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தில் அமுக்கி, நொறுக்கிப் பார்த்தார்கள்.
ஐந்து மாடி தேறியது.
மேல் இரண்டும் படிக்கட்டும் தேறவில்லை.
எந்த மழையில் எவர் கலவைக்குத்
தண்ணீர் கூட்டி ஊற்றினாரோ.

கொள்ளுப்பிட்டியில் கூட்டம். குளிர் அறை,
கண்ணாடிக்கு வெளியே கடல், சத்தமில்லாமல்.
அமரசேகர தாளைத் தூரப் பிடித்துப் படித்தார்.
"இது என்ன, கரி?"
சொன்னேன். ஆயிரத்து நானூறு தொன், என்றேன்.
"நல்லது. யார் வாங்குவார்கள்?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம்.
பிறகு அவர் விரல் ஒரு நிரல் இடம் நகர்ந்தது.
ஐந்தாவதில் நின்றது. நெடுநேரம் நின்றது.
இறக்குமதிக் கம்பி. எட்டு மாதம். வங்கி வட்டி.
"நிற்கட்டும்" என்றார். "ஐந்து மாடியும் நிற்கட்டும்."

சிப்பிகளுக்காக அல்ல. டொலருக்காக.
வென்றேனா என்று எனக்குத் தெரியாது.
மேலே எழும்பும் மாடிகளுக்கு
நுரைச்சோலைச் சாம்பல் கலந்த சீமெந்து போட
றிஃப்கான் ஒப்புதல் வாங்கிவிட்டார்.
நிலக்கரி எரித்த பாவத்தில் ஒரு பிடியை
நிலக்கரியின் மிச்சத்தாலேயே குறைக்கிறோம்.
சுத்தமான கையோடு இந்தத் தொழிலில் எவருமில்லை.
என் நகக்கண்ணிலும் சாம்பல்தான்.

வெளியே வரும்போது உதவியாளர் ஓடிவந்தார்:
"மிஸ், அந்தக் கடைசி நிரலை மட்டும் எடுத்துவிடுங்கோ.
வங்கிக்காரர் குழம்புவார்கள்."

எடுக்கவில்லை. மறைத்தேன்.
அகலம் பூச்சியம். தாளில் தெரியாது.
உள்ளே எல்லாச் சூத்திரமும் ஓடிக்கொண்டிருக்கிறது;
ஒரு மூட்டை கூடினால் அதுவும் கூடும்,
ஒரு சுவர் குறைந்தால் அதுவும் குறையும்.
அடையாளம் ஒன்றே ஒன்று:
மேல் விளிம்பில் டீ, ஈ,
அடுத்தது ஜீ.

யாராவது கேட்கட்டும்,
நடுவில் ஓர் எழுத்து எங்கே என்று.