அலைபேசி எண் கட்டாயம்

புதுவயல் சுகாதார நிலையத்தில்
சளி டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
கறுப்புக் கோடுகளை ஸ்கேனர் ஒருமுறை பார்த்தால் போதும்,
பதினொரு மணி வேனில் காரைக்குடி போய்
மிஷினுக்குள் இறங்கி
சாயங்கால டீ ஆறுமுன் முடிவு திரைக்கு வந்துவிடும்.
முன்பு பன்னிரண்டு நாள்.
அதற்குள் ஆளே ஊர் மாறியிருப்பார்.

அடைக்கலம் வந்தபோது
முழங்கை வரை தவிட்டுத் தூள்.
"மில்லுத் தூசிதாங்க" என்று இருமினார்.
பெயர் நிரப்பினேன், வயது, தெரு.
சிவப்பாகக் கேட்டது அடுத்த கட்டம்.
"எங்கிட்ட ஏது போனு?
சூப்பர்வைசர் நம்பரப் போடுங்க, அவரு சொல்லிருவாரு."

ஏழு இலக்கம் அடித்துவிட்டு நின்றேன்.

போன மாசம், இதே மில்,
இதே சட்டைப்பையில்தான் ஒரு குறுஞ்செய்தி துடித்தது.
மறுநாள் மாத்திரையோடு போனால்
கொட்டகையில் அடுப்புச் சாம்பல் மட்டும்.
கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே
இன்னும் பச்சையாக நிற்கிறது:
தகவல் தெரிவிக்கப்பட்டது.

ஏழையும் அழித்தேன்.
என் எண்ணைப் போட்டேன்.

விதிப்படி தப்பு. தெரியும்.
இப்போது என் போனுக்குள் பத்தொன்பது பேர் இருமுகிறார்கள்.
ரசம் தாளிக்கையில் அதிரும்.
"யாரு?" என்பார் வீட்டுக்காரர்.
"ஆபீஸ்."

இன்று நாலு ஐம்பதுக்கு அதிர்ந்தது.
அடைக்கலத்தின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி
கிருமி உண்டு என்றது.
காரைக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது,
மில் கேட்டுக்குள் மட்டும் அது போகக் கூடாது.
டீக்கடை ஓரம் ஸ்கூட்டியை நிறுத்தி
சங்கு ஊதக் காத்திருக்கிறேன்,
டிக்கியில் ஒரு மாத மாத்திரை.