எழுபது மைக்ரான்

"செத்துருச்சும்மா" என்றது போன்.
யாரு, யாரு என்று பதறினாள்
பக்கத்து மேசை ஃபிலோமினா.
மேலூர் ஆலைக்கு நாங்கள் செய்து கொடுத்த மெஷின்,
கறுப்பு அரிசியைக் கண்டால் காற்றால் ஊதித் தள்ளுவது.
பங்குனி பிறந்து இது நான்காவது சாவு.

ஒத்தக்கடையில் யானைமலை
வெயிலைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.
அப்படி ஒன்றைச் செய்யத் தெரியவில்லையே,
யார் தொட்டாலும் கலங்காத ஒன்றை.

நான் போய்ச் சேர்ந்தபோது உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.
என்னைக் கண்டால் மெஷின்களுக்கு
எப்போதும் அப்படியொரு மரியாதை.

அம்பலம் சும்மா இருக்கவில்லை.
ஆலைக்குப் பின்னால் எர்த் குழியைத் தோண்டி
கரியும் உப்பும் புதிதாய்க் கொட்டி
நாளுக்கு மூன்று குடம் தண்ணீர்,
குடிதண்ணீர் லாரியில் வருகிற தெருவில்.
மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு ஓம்கூட இல்லை.
மண்மீது ஒரு குற்றமும் இல்லை.

எப்போது சாகும், என்று கேட்டேன்.
எல்லாரும் சோலைமணியைப் பார்த்தார்கள்.
சாக்குத் தைப்பவள். கையில் வேப்பங்குச்சி.
"காலையில நல்லாத்தான் ஓடும்.
மழை தூறுன அன்னைக்குப் பூரா ஓடும்.
உச்சி வெயில்ல, நைலான் சேலை கட்டியிருந்தா,
நாந் தொட்டதும் போயிரும்.
ராசியில்லாத கையாம்.
பட்டன அமுக்க இந்தக் குச்சி."

தொடுங்க, என்றேன்.
அம்பலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பொத்தானின் எஃகு வளையத்துக்கு
அரை அங்குலம் இருக்கும்போதே
டிக்.
திரை இருண்டது.
அறுபத்துநான்கு காற்றுக்குழாயும் ஒன்றாக மூச்சு விட்டு அடங்கின.

விரலிலிருந்து குதித்தது
வளையத்தில் ஏறி, வயரில் ஓடி, போர்டுக்குள் இறங்கி
பெட்டிக்குப் போகும் வாசலைத் தேடியிருக்கிறது.
வாசல் அந்த நான்கு திருகுகள்.
திருகியிருந்தார்கள், முறுக்கிக்கூட இருந்தார்கள்.
அடியில் மயிலிறகு நீலத்தில் பவுடர் பூச்சு,
எழுபது மைக்ரான்,
தலைமுடியின் கனம்கூட இல்லை.
வழியில்லாதது சும்மா நிற்குமா,
உள்ளே இருந்த எல்லாவற்றையும் மிதித்திருக்கிறது.

கப்பலூரில் ஜெயசீலன் அன்றே கேட்டிருந்தான்:
"மேடம், திருகு உக்கார்ற எடத்துல டேப் ஒட்டிறவா?"
வேண்டாம், துருப் பிடிக்கும், என்றேன்.
வரைபடத்திலும் என் கையெழுத்தில்
உள்ளும் புறமும் முழுப் பூச்சு, இடைவெளி கூடாது.
சொன்னதைச் செய்திருந்தான்.
துளைகளின் உதட்டில்கூட
ஒரு திட்டு விடவில்லை.

ஒரு திருகிலா, நான்கிலுமா என்று
கல்லூரி விடுதியில் சண்டை போட்டுப்
பேசாமல் இருந்திருக்கிறோம் இரண்டு வாரம்.
இன்றைக்கு வாதாட ஆளில்லை.
வயர் நுழைகிற மூலையை முதலில் எடுத்தேன்.
எமரித் தாள், பிறகு கத்தி முனை,
காலணா அகலத்துக்கு வெள்ளை உலோகம் தெரிந்தது,
தோல் உரிந்த முழங்கால் மாதிரி.
பல் வைத்த வாஷர். கடிக்கும்வரை முறுக்கு.
அப்புறம் மற்ற மூன்றும்.
நீலத் தூள் அரிசித் தவிட்டில் கலந்து பறந்தது.

"இப்பத் தொடுங்க."
இரண்டு மணி வெயில். அதே சேலை.
டிக்.
அரிசி விழுந்துகொண்டே இருந்தது.
மறுபடி டிக். மறுபடி.
சேலையைத் தேய்த்துத் தேய்த்து வந்து தொட்டாள்.
சாக்குகள் வாய் திறந்தபடி காத்திருந்தன.
போதும் என்று யாரும் சொல்லவில்லை.

சர்வீஸ் தாளில் 'காரணம்' என்றொரு கட்டம்.
வறண்ட காற்று, என்று எழுதினேன்.
அடித்தேன்.
வரைபடப் பிழை, என்று எழுதினேன்.
பிழை யாருடையது என்று கேட்கக் கட்டமில்லை.
கீழே கையெழுத்து மட்டும்.

"அப்ப அந்தக் குழிக்கு?" என்றார் அம்பலம்.
வாரம் ஒரு குடம் போதுமய்யா.
தலையாட்டினார்.
சோலைமணி பக்கம் திரும்பவேயில்லை அவர்.

வண்டியை எடுக்கும்போது ஓடி வந்தாள்,
வேப்பங்குச்சியை ஜன்னல் வழியாக நீட்டினாள்:
"இதையும் எழுதிக்கிட்டீங்களா?"