இருபது ரூபாய்க்குள் அசிங்கம்

விதிகள் மூன்று.
இருபது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.
கறை கணக்கில் சேராது, கறை வெறும் விபத்து.
நெய்தவன் மனமறிந்து செய்த அசிங்கமாக இருக்க வேண்டும்.
தோற்றவன் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும்.

எண்ணினால் நான்கு வருகிறது.
சுல்பிகரைக் கேட்டால்
டீ விதியில்லை, தண்டனை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்கள் விரியும்.
காலி செய்த பங்களாக்களின் வயிற்றிலிருந்து வந்தவை:
மூடி தொலைந்த டீ ஜாடி, ஒற்றை ஸ்கேட்,
மாற்றலாகிப் போன ஏதோ மேஜர் வீட்டின்
ரசம் போன கண்ணாடி.
நாங்கள் எதையும் தொடுவதில்லை.
நேரே பெள்ளியண்ணனின் வாழைப்பழ அட்டைப்பெட்டி.
உள்ளே டைகள்
சாரைக் குட்டிகள் போல ஒன்றுக்குள் ஒன்று.

பனி இறங்கினால் சந்தையே சாம்பல்.
நல்ல நிறங்கள்தான் முதலில் சரணடையும்.
கடைசிவரை எதிர்த்து நிற்பது எதுவோ
அது எங்களுக்கு.

போன மாதம் அவன் ஜெயித்தது
மாம்பழ மஞ்சளில் ஊதா வாத்துகள்,
வாத்துக்கொரு குடை.
அதற்கு முன் நான்:
அடிபட்ட முழங்காலின் நிறம்,
அகலத்துக்குத் தூளியே கட்டலாம்.

சுல்பிகர் மருந்துக் கம்பெனி ரெப்.
ஓடும் பஸ்ஸில், ஒரு கையில் பையோடு, டை கட்டுவான்.
நானும் டை கட்டும் உத்தியோகம்தான்,
கட்டுவது என்பது பேச்சுக்கு.
ஓட்டல் தந்தது எலாஸ்டிக்.
காலரைத் தூக்கி மாட்டிவிட்டால் வரவேற்பாளன்.
பள்ளிக்கூடத்திலும் எலாஸ்டிக்.
முப்பத்தொரு வயது வரை
என் கழுத்து ஒரு முடிச்சையும் அறியாது.
எதிரே நின்று கற்றுத்தரப் பார்த்தான்.
அவன் இடம் எனக்கு வலம்,
என் வலம் அவனுக்கு இடம்,
கடைசியில் இருவரும் இருமினோம்.

இன்று விரலில் ஏதோ கட்டியாகத் தட்டியது.
இழுத்தேன்.
ஆட்டு ஈரலின் பழுப்பு.
அதன்மேல் பச்சைக் குதிரை லாடங்கள்.
லாடங்களுக்கு நடுவில், எதற்கென்றே தெரியாமல்,
ஓர் இறால்.

முடிச்சு போட்டபடியே இருந்தது.
ஒரு தலை நுழையும் அளவுக்கு வளையம்.
தளர்த்தி, தலைவழியே கழற்றி, ஆணியில் மாட்டி,
மறுநாள் அதே வளையத்துக்குள் தலையை விட்டு
எத்தனை வருஷமோ.
விரல் பட்ட இடம் மெழுகாய் மின்னியது.

சுல்பிகர் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தொழில்காரப் பார்வை.
"சுத்து தலைகீழா இருக்கு.
தானா கட்டினா இப்படி வராது.
எதிர்ல நின்னு யாரோ கட்டிவிட்டது."

அவிழ்த்துக் காட்டப் போனான்.
கையைத் தட்டிவிட்டேன்.
"அவிழ்த்தா அசிங்கம் குறைஞ்சிடும்."

பெள்ளியண்ணன் கம்பளித் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு
முப்பது என்றார்.
எல்லாம் இருபதுதானே?
"முடிச்சுக்குத் தனியா பத்து."

கொடுத்தேன்.
விதி முறிந்தது, ஆட்டம் அவனுக்கு.

டீக்கடை பெஞ்சில் தலைவழியே மாட்டிப் பார்த்தேன்.
இரண்டு காதிலும் சிக்கி, பிறகுதான் இறங்கியது.
போட்டிருந்தவருக்குச் சின்னத் தலை.
வர்க்கி உதிர்ந்தது லாடங்களின் மேல்.
கிளாஸைத் தூக்கும்போது
ஒரு சொட்டு, சரியாக இறாலின் மேல்.

சுல்பிகர் குனிந்து பார்த்துவிட்டு
"கறை சேராது" என்றான்.