தலாசோவின் நோட்டு

கிணற்றுச் சாவி என் கழுத்தில் கிடக்கிறது,
கல்யாணப் பாசிமணிகளோடு உரசிக்கொண்டு.
சால்பி பாலையின் ஓரம்.
நூற்றுப் பதினெட்டு மீட்டர் ஆழத்திலிருந்து
வெயில் தண்ணீர் இறைக்கிறது.
நான் எழுதிவைக்கிறேன்.

காலை ஏழு மணி: நூல் போல.
பத்தரை: என் மணிக்கட்டுத் தடிமன்.
உச்சிப்பொழுது: குழாய் துள்ளுகிறது,
வைத்த குடம் வைத்த இடத்தில் நிற்பதில்லை.

முன்பு டீசல் இஞ்சின் இருந்தது.
எண்ணெய் மார்சபிட்டிலிருந்து வரும்,
லாரி மணலில் புதையும்,
லாரியை எடுக்க இன்னொரு லாரி வரும்.
இஞ்சின் ஓடிய நாட்களைவிட
இஞ்சினைப் பற்றிப் பேசிய நாட்களே அதிகம்.
பீப்பாய்க்குப் பணம் போட்டவனின் ஒட்டகம்
முதல் நாள் குடித்தது.
என் மகள் இரண்டாம் நாள் குடித்தாள்.

வெயிலுக்கு யாரும் பணம் போடவில்லை,
இனிமேல் சண்டை வராது என்றார்
பலகை பூட்ட வந்த பொறியாளர்.
பாவம், எங்களை அவருக்குத் தெரியாது.

இப்போது உச்சிவேளைக்குச் சண்டை.
விடியலிலேயே மந்தையை ஓட்டிவந்து பழகிய கல்காலோ
நூல் தண்ணீரைப் பார்த்துவிட்டு
என் கழுத்தைப் பார்க்கிறான்.
'சூரியனையும் பூட்டிவைத்திருக்கிறாயா?'

இருபத்து நான்கு பலகைகள்.
புழுதி, காக்கை எச்சம்.
கழுவ அரைக் குடம் வேண்டும்.
குடிக்கிற தண்ணீரைக் கண்ணாடிக்கு ஊற்றும்போது
இன்றைக்கும் கை கூசுகிறது.
பதினோராவதில் சிலந்திவலை போல ஒரு விரிசல்,
ஏறிக் குதித்தது ஓர் ஆடு.
ஆட்டுக்கு இருநூறு ஷில்லிங் அபராதம்.
ஆடு கட்டவில்லை, எலேமா கட்டினான்.

செவ்வாய்க்கிழமை மேகம் வந்தது.

கிழக்கே முதலில் ஒரு கறை,
பிறகு கூடாரத் துணி போல விரிந்தது.
மூன்று வருஷம் காணாத கறுப்பு.
பெண்கள் பால் தெளித்தார்கள்.
குழாய் மணிக்கட்டாகி, விரலாகி, நூலாகி
நின்றது.

வரிசையில் நாற்பது ஒட்டகங்கள்.
யாரும் பேசவில்லை.
பெய் என்றும் போ என்றும்
ஒரே வாயால் எப்படிக் கேட்பது?
கல்காலோதான் முதலில் சிரித்தான்,
உள்ளங்கையை மேலே நீட்டிக்கொண்டு,
எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறவன் மாதிரி.

பதினாறு துளிகள்.
பலகைப் புழுதியில் அம்மைத் தழும்பாய் விழுந்தவற்றை
நான் எண்ணினேன்.
பிறகு மேகம் எத்தியோப்பியா பக்கம் போய்விட்டது.
குழாய் இருமியது, துப்பியது, ஓடியது.
ஒட்டகங்கள் கழுத்தை இறக்கின.

பலகைகளை அன்று நான் கழுவவில்லை.

நோட்டில் மூன்று பத்திகளுக்குக் கோடு போட்டுத் தந்திருக்கிறார்கள்:
நேரம், அளவு, யாருக்கு.
சாவியை நேராகப் பிடித்து
நாலாவது கோட்டை நானே போட்டேன்.
தலைப்பில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
செவ்வாய்க்கு நேராக மட்டும்
16.