மூன்று அங்குலம்

மிஸ்டர் பனாசுக்கின் சட்டை
நீண்டுகொண்டே போனது.
முன்பக்கம் தொடை வரை தொங்கியது.
மகள் கடைக்காரனைத் திட்டினாள்.
மரிசெல் சலவை மெஷினைத் திட்டினாள்.
நான் மடித்து ஊசி குத்திவிட்டேன்.

ட்ரான்ஸ்கோனா ரயில் பட்டறையில்
முப்பத்தெட்டு வருஷம்
எலும்பு முறிய உழைத்தவர்.
அப்போது முறியவில்லை.
போன செவ்வாய்
ஜன்னல் திரையை இழுத்தபோது
முதுகில் ஏதோ டக்கென்றது என்றார்.
வாயுப் பிடிப்பு என்று நினைத்து
சூட்டு ஒத்தடம் வைத்தேன்.
அதை என் கையாலேயே
பதிவேட்டிலும் எழுதினேன்.

வின்னிப்பெக்கில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
மணி மூன்று. யாரும் அழைக்கவில்லை.
சும்மா அவர் கோப்பைப் புரட்டினேன்.
சேர்ந்த நாளில் உயரம் ஐந்தடி பத்து.
விடிந்ததும் சுவரோடு நிற்கவைத்து அளந்தேன்.
ஐந்தடி ஏழு.
நாடாவைச் சந்தேகித்து மறுபடி அளந்தேன்.
ஐந்தடி ஏழு.

ஒரு மோதிரம் காணாமல் போனாலே
இங்கே மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.
மூன்று அங்குலம் மனிதன் போயிருக்கிறான்,
ஒரு தாள் இல்லை.

“வயசு” என்றார் டாக்டர், போனில்.
வயசு நோயின் பெயரல்ல
என்று நான் சொல்லவில்லை.
“எலும்பு அடர்த்தி ஸ்கேன். முதுகு எக்ஸ்ரே” என்றேன்.
“அது பெரும்பாலும் பெண்களுக்கு...”
“ஸ்கேன்” என்றேன்.
என் ஆங்கிலம் அதற்கு முன்
இவ்வளவு சிக்கனமாக இருந்ததில்லை.

படத்தில் மூன்று முள்ளெலும்புகள்,
மழையில் விட்ட அட்டைப்பெட்டிபோல்
முன்பக்கம் நசுங்கி.
ஒன்று செவ்வாய்க்கிழமையுடையது.
மற்ற இரண்டும்
யாரும் கேட்காத ஏதோ நாட்களில்.

இப்போது புதன்தோறும் ஒரு மாத்திரை,
வெறும் வயிறு, ஒரு டம்ளர் தண்ணீர்,
அரைமணி நேரம் படுக்கக் கூடாது.
அந்த அரைமணிக்குக் காவல் நான்.
சரக்கு வண்டிகளின் நம்பர்களை
அவர் மனப்பாடமாய்ச் சொல்கிறார்.
தப்பாய்ச் சொன்னாலும் எனக்குத் தெரியாது.

ஒரு புதன், ஷிஃப்ட் முடிந்து
கோட்டு மாட்டும்போது
நாடா சுவரிலேயே இருந்தது.
இருபத்திரண்டு வருஷ இரவு வேலை.
வெயிலும் நானும் பார்த்துக்கொள்வது
விடுமுறையில்தான்.
மாதவிலக்கு நின்று ஆறு வருஷம்.
சப்பாத்தைக் கழற்றி
சுவரில் குதிகால் ஒட்டினேன்.
“லைசென்ஸில் நூற்று ஐம்பத்தெட்டு” என்றேன்.

மரிசெல் நாடாவைப் பார்த்தாள்.
குனிந்து என் குதிகாலைப் பார்த்தாள்.
மறுபடி நாடாவை.
“நிமிர்ந்து நில்” என்றாள்.

நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்றேன்.