இரண்டு போத்தல் குறைவாக

வூப்பர்டாலில் ஒக்டோபர்.
ஆற்றின் மேலே தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
என் மேசையில் தண்ணீர்க் கோப்பை நடுங்கும்.
ஆரம்பத்தில் அந்த நடுக்கத்தை வைத்துத்தான்
மணிக்கூண்டுக்காரனின் அடிகளை எண்ணிப் பழகினேன்.
நடுச்சாமத்தில் ரயில் நின்றுவிடும். அதன்பிறகு
எண்ணிக்கை நாக்கில்.

ஒன்று, இரண்டு, இடது தோள்.
இடது தோள் உயர்ந்தால் அடி மெய்.
வலது தோள் உயர்ந்தால் பொய்.
பொய்க்குத் துள்ளியவள் தரையிறங்கும் நேரம்
மெய் வந்து நிற்கும்.
இவ்வளவையும் படிக்க எனக்கு
நூற்றெண்பது சாவு.

மொரிட்ஸ் கெம்னிட்ஸில். நேரில் கண்டதில்லை.
என் காதில் அவன் குரல், அவன் கையில் நிறுத்தற்கடிகாரம்.
"கஜா, பையைத் திறக்காதே" என்பான்.
கஜரூபி என்று முழுதாய்ச் சொல்ல
அவனுக்கு ஒன்றரைச் செக்கன் பிடிக்கும்;
பையைத் திறந்து மூடவும் அதே ஒன்றரை.
யானை யானை என்று கூப்பிடுகிறாய்
என்று நான் இன்னும் சொல்லவில்லை.

கணக்கு இப்படி:
உப்புச் சந்தைக்கு வரும்போது
கையில் ஆயிரத்து நூற்று நாற்பது காசு.
சப்பாத்து ஆயிரத்து நூறு.
அது இல்லாமல் பாலம் இடிவதற்குள் ஓட முடியாது.
மிச்சம் நாற்பதுக்கு ஒரு மருந்துப் போத்தல்.
இன்னொன்று வேண்டுமா,
சதுப்பில் இறங்கித் தவளை கொல்ல வேண்டும்.
தவளைக்குப் பதினொரு செக்கன்.
எட்டில் ஒன்றுதான் காசு கக்கும்.
தவளையை நம்பி ஓடுகிறவள்
உலை வைத்துவிட்டு அரிசி கடன் கேட்கப் போகிறவள்.

ஆக, ஒரே போத்தல்.
பையின் முதற்குழியில் அது இருக்கட்டும்,
கண் போகாமலே விரல் போகும்.
உயிர் ஒன்பதுக்கு மேலே ஏறக் கூடாது:
சாகக் கிடப்பவளின் வாள்
இரட்டிப்பாய் வெட்டும், இந்த ஆட்டத்தில்.
அதற்காகக் கூண்டுப் படியில் ஒரு பொறியை மிதித்து
ஒரேயொரு குத்து வாங்க வேண்டும்.
ஒரு கிழமை அதை மட்டும் பழகினேன்,
ஒழுங்காகக் காயப்படுவதை.

வெள்ளி இரவு அவனை ஐந்துமுறை வென்றேன்.
இரண்டு நிமிடம் ஏழு. இரண்டு நிமிடம் ஐந்து.
மொரிட்ஸ் கூத்தாடிய சத்தமும் என் சத்தமும் சேர,
கீழ்வீட்டு ஃபிராவ் கொவால்ஸ்கி
தும்புத்தடியால் முகட்டை இடித்தாள்.

சனிக்கிழமை முழு ஓட்டம்.
மூன்று மணி பதினாறு நிமிடம், ஒரு பிசகில்லை.
பாலம். படி. பொறி. குத்து. கதவு.
ஒரு போத்தல் குடித்தாயிற்று.
பிறகு என் விரல் தன்பாட்டில்
இரண்டாவது போத்தலுக்குப் போனது.
குழி வெறுங்குழி.

எங்கே பிழை என்று இன்றைக்குத்தான் கண்டேன்.
பழகுவதற்கென்று சேமித்து வைத்த அந்த இடத்தில்
என் பையில் மூன்று போத்தல்.
மார்ச் மாதத்தில் அவசரமே இல்லாத ஒரு நான்
தவளையெல்லாம் கொன்று,
கடையெல்லாம் ஏறி இறங்கி
வந்து சேர்ந்த இரவு அது.
ஏழு மாதமாக
ஒரு பணக்காரியின் சண்டையைப்
பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னேன். மொரிட்ஸ் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
பிறகு "ஓம்" என்றான்.
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.

கூண்டுப் படியில் நின்று
இரண்டு போத்தலைப் பள்ளத்தில் எறிந்தேன்.
கீழே கண்ணாடி உடையும் சத்தத்தை
யாரோ அக்கறையாய்ச் செய்து வைத்திருக்கிறார்கள்,
ஒன்று, சற்றுப் பிந்தி இன்னொன்று.
சேமித்தேன். பழையதன் மேலேயே.

நாலரைக்கு பேக்கரியில் நிற்க வேண்டும்.
நித்திரைக்கென்று மிச்சம் மூன்று மணி நேரம்,
அதில் ஒன்றைச் செலவழிக்கலாம்.

ஒன்று, இரண்டு,
வலது தோள்.
நான் அசையவில்லை.
இடது.